டோஸ்டரின் லீவர் ஏன் நிற்கவில்லை?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, எங்கள் செம்பூர் வீட்டில் பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். சமையலறையிலிருந்து மருமகள் கூப்பிட்டாள்.

"மாமா, இந்த டோஸ்டர் போயிடுச்சு. லீவரை அழுத்தினா நிக்கவே மாட்டேங்குது, டப்புனு மேலே வந்துடுது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை."

போய்ப் பார்த்தேன். அழுத்தினேன், மேலே வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பக்கத்துப் பிளக்கில் இருந்த மிக்ஸியைத் திருகிப் பார்த்தால் அதுவும் ஓடவில்லை. பிளக்குகளுக்கு மட்டும் உள்ள எம்.சி.பி. விழுந்திருந்தது.

"டோஸ்டர் போகலை அம்மா, கரண்ட்தான் போயிருக்கு" என்றேன். அவள் விடவில்லை. "கரண்ட் இல்லேன்னா சூடாகக் கூடாது, அது சரி. லீவர் ஏன் நிக்கக் கூடாது? அது வெறும் ஸ்பிரிங்தானே மாமா?"

நல்ல கேள்வி. அன்று பள்ளி வேன் வந்துவிட்டதால் பதில் சொல்ல நேரமில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். என் முன்னால் மேஜைமேல் இரண்டு டோஸ்டர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்று 1980களின் கடைசியில் லோஹார் சால் கடை ஒன்றில் வாங்கி, பரணில் கிடந்தது. மற்றது மகன் வீட்டில் முன்பு இருந்த, இந்தக் காலத்து டோஸ்டர்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான பாகங்கள். உள்ளே பார்த்தால் மூன்று மெல்லிய தகடுகள் செங்குத்தாக நிற்கும்; நடுவே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. இவை மைக்கா. ஊரில் மண்ணில் மினுக்குகிற ஏடுகளைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, காக்காப்பொன், அதேதான். ஜார்கண்டின் கோடர்மாவும் ஆந்திராவில் நெல்லூரை அடுத்த கூடூரும் இதற்குப் பேர்போனவை. மின்சாரத்தைக் கடத்தாது, சில நூறு டிகிரி சூட்டிலும் கருகாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்த பொருள் இவ்வளவு மெல்லியதாகவும் மலிவாகவும் கிடைப்பது அபூர்வம். அந்தத் தகடுகளின்மேல் நாடா போன்ற கம்பி சுற்றப்பட்டிருக்கும். அது நிக்ரோம், 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னால் மின்சார டோஸ்டர் என்பது பேச்சளவுதான். இரும்புக் கம்பி சிவக்கச் சூடானால் காற்றுப் பட்டுத் துருவாகி உதிர்ந்துவிடும். நிக்ரோமின் மேலோ குரோமியம் ஆக்சைடு ஒரு தோல்போலப் படர்ந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். தாமிரத்தைவிட அதன் மின்தடை 60 மடங்குக்கு மேல். ஆகவே குறைந்த நீளத்திலேயே வேண்டிய சூடு கிடைத்துவிடும்.

கணக்கு ஆசை உள்ள பிள்ளைகளுக்காக: 230 வோல்ட்டில் 750 வாட் டோஸ்டர் இழுப்பது 3.26 ஆம்பியர், கம்பியின் தடை சுமார் 70 ஓம். இரண்டு நிமிஷம் ஓடினால் 0.025 யூனிட். அதாவது நாற்பது தடவை போட்டால்தான் ஒரு யூனிட் ஆகும். "டோஸ்டர் கரண்டைக் குடிக்குது" என்று சொல்லும் மாமியார்கள் கவனிக்க.

சரி, ரொட்டி எப்படிச் சிவக்கிறது? ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் காய்ந்த பிறகு சூடு விறுவிறு என ஏறும். 140, 150 டிகிரி வாக்கில் மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் அந்த வாசனையும் உண்டாகும். அதையும் தாண்டினால் கரி. ஆகவே முதல் ஒன்றரை நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். கடைசி அரை நிமிஷத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அந்த அரை நிமிஷத்தில் சரியான நொடியில் விடுவிப்பதுதான் இந்த இயந்திரத்தின் முழு வேலை.

1909இல் ஜெனரல் எலெக்ட்ரிக் விற்ற டோஸ்டரில் அந்த நொடியை வீட்டுக்காரர்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் சிவந்ததும் கையால் திருப்பி வைக்க வேண்டும். தானாக எகிறும் டோஸ்டருக்கு 1921இல் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் ஸ்ட்ரைட். மினசோட்டாவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். உணவுக்கூடத்தில் தினமும் கருகிய ரொட்டி தின்று வெறுத்துப்போய் இதைச் செய்தார் என்பார்கள். அது முதலில் ஓட்டல்களுக்குப் போனது. 1926இல் வீடுகளுக்கு வந்தது.

இப்போது லீவரைக் கவனிப்போம். நாம் ஒரு தடவை அழுத்துகிறோம். நான்கு வேலை நடக்கிறது. ரொட்டி உட்கார்ந்திருக்கும் தொட்டில் கீழே இறங்குகிறது. அதோடு கட்டிய ஸ்பிரிங் இழுபடுகிறது. நம் விரலின் சக்தியை அது சேமித்து வைத்துக்கொள்கிறது. இரு பக்கக் கம்பிக் கூண்டு நெருங்கி ரொட்டியை நடுவில் பிடிக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கருகுமல்லவா? கடைசியாக, தொட்டிலின் நுனி இரண்டு பித்தளை நாக்குகளைச் சேர்த்து அழுத்துகிறது, கரண்ட் பாய்கிறது. தனியாக ஸ்விட்ச் என்று ஒன்றும் கிடையாது. தொட்டில் கீழே இருந்தால் ஆன். மேலே இருந்தால் ஆஃப். இதை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கீழே இறங்கிய தொட்டிலை அங்கேயே பிடித்துவைப்பது எது? இங்கேதான் என் மேஜையில் இருக்கும் பழையதும் புதியதும் பிரிகின்றன.

பழையதில் ஒரு இரும்புக் கொக்கி. தொட்டில் இறங்கியதும் கொக்கி மாட்டிக்கொள்ளும். அதை விடுவிப்பது ஈருலோகப் பட்டை. அதிகம் விரியும் உலோகம் ஒன்றும் குறைவாக விரியும் உலோகம் ஒன்றும் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்ட தகடு. சூடானால் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாததால் பட்டை வளையும். உலோகம் விரிவது ரயில்வேக்காரனுக்குப் புதிதல்ல. 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விட்டார்கள், நாமும் தடக் தடக் சத்தத்தில் தூங்கினோம். இதே ஈருலோகப் பட்டையை 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கப்பல் கடிகாரத்துக்காகச் செய்தார். டோஸ்டரில் பட்டை வளைந்து கொக்கியைத் தட்டிவிடும், ஸ்பிரிங் சேமித்த சக்தி தொட்டிலை மேலே எறியும், நாக்குகள் பிரியும், கரண்ட் நிற்கும்.

புதியதில் கொக்கி கிடையாது. தொட்டிலின் அடியில் ஒரு சிறிய இரும்புத் தகடு. அதற்கு நேர் கீழே ஒரு மின்காந்தம். தகடு காந்தத்தைத் தொட்டதும் காந்தம் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் தட்டில் ஒரு கப்பாசிட்டர் மெல்ல மெல்ல நிரம்பும். குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் காந்தத்துக்குப் போகும் கரண்ட் அறுபடும். நாம் திருகும் குமிழ் அது நிரம்பும் வேகத்தை மாற்றுகிறது. குமிழில் உள்ள 1, 2, 3 நிமிஷக் கணக்கல்ல. பலர் அப்படி நினைக்கிறார்கள்.

மருமகளின் கேள்விக்கு விடை இதுதான். கரண்ட் இல்லையேல் காந்தம் இல்லை. காந்தம் இல்லையேல் பிடிப்பு இல்லை. ஆகவே லீவர் நிற்காது. நிற்காததுதான் அதன் நல்ல குணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெட்டிகளில் வாக்குவம் பிரேக் இருந்தது. புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் ஒன்றைத் தலைகீழாகவே நினைப்பார்கள்: எஞ்சின் டிரைவர் சக்தி கொடுத்துப் பிரேக்கைப் பிடிக்கிறார் என்று. அப்படியல்ல. எஞ்சின் ஓயாமல் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல்தான் பிரேக்கை விலக்கி வைக்கிறது. டிரைவர் காற்றை உள்ளே விட்டாலும், பயணி சங்கிலியை இழுத்தாலும், குழாயே அறுந்தாலும், உறிஞ்சல் போய்ப் பிரேக் தானாகப் பிடிக்கும். பின்னால் வந்த ஏர் பிரேக்கிலும் குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்கும்படிதான் அமைப்பு. கெட்டுப்போனால் ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும் என்பது ரயில்வேயில் பாலபாடம். மின்காந்த டோஸ்டர் அந்தப் பாடத்தைப் படித்தது. கொக்கி டோஸ்டர் படிக்கவில்லை.

படிக்காததால் என்ன ஆகும் என்பதை மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். 2020 அக்டோபர் 12 காலை பத்து மணி வாக்கில் மும்பை முழுவதும் கரண்ட் போனது பலருக்கும் நினைவிருக்கும். லோக்கல் வண்டிகளே நின்றுவிட்டன. நண்பர் வீட்டில் இருந்தது என்னுடையதைப் போன்ற பழைய டோஸ்டர். ரொட்டி உள்ளே, லீவர் கீழே. கரண்ட் போனதும் கம்பி ஆறிவிட்டது. பட்டையும் ஆறிவிட்டது. கொக்கி மட்டும் பிடித்தபடியே இருந்தது. அம்மாள் "இனி எப்ப வருமோ" என்று சொல்லி, வழக்கம்போல் தாமே பின்னிய துணி உறையை டோஸ்டர்மேல் போட்டு மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மூடிய உறைக்குள் டோஸ்டர் தன் வேலையைத் தொடங்கியது. பட்டை வளைந்து கொக்கியை விட்டதோ விடவில்லையோ தெரியாது. விட்டிருந்தாலும் மேலே எகிற வழியில்லாமல் உறை இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. தொட்டில் கீழே இருந்தால் ஆன் என்றேனே. புகை வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்கள். உறையும் அலமாரியின் ஓரமும் போயின; ஆளுக்கு ஒன்றும் இல்லை. நண்பர் அன்றே அந்த டோஸ்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். என்னுடையதை நானும் பரணில் ஏற்றினேன்.

அப்படியென்றால் புதிய டோஸ்டரை நம்பிவிடலாமா? அங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. காந்தம் விட்டுவிட்டால் போதாது. ஸ்பிரிங் தொட்டிலைத் தூக்கவும் வேண்டும். ரொட்டி துளைக்குள் இறுகிப் போயிருந்தால் தூக்க முடியாது. காந்தம் செத்த பிறகும் தொட்டில் கீழேயே நிற்கும். நாக்குகள் சேர்ந்தே இருக்கும். கம்பி சிவந்துகொண்டே இருக்கும். நம் மும்பையில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் பாவ். வீட்டில் பிரெட் தீர்ந்துவிட்டது, நேற்று வாங்கிய பாவ் இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பிளந்து அமுக்கித் திணித்துவிடுகிறார்கள். துளை அளந்து செய்யப்பட்டது மெஷினில் வெட்டிய சதுர ரொட்டிக்கு. பாவ் சூட்டில் இன்னும் உப்பிக் கம்பிக் கூண்டுக்குள் ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். பாவுக்குத் தோசைக்கல் இருக்கிறது. சாண்ட்விச்சுக்குக் கேஸ் அடுப்பில் வைக்கும் கைப்பிடி போட்ட அலுமினிய டோஸ்டர் இருக்கிறது. மின்சார டோஸ்டரை விட்டுவிடுங்கள்.

இறுகிய ரொட்டியை என்ன செய்வது? கையில் அகப்பட்ட கத்தியையோ ஸ்பூனையோ விட்டு நெம்புவதுதான் வழக்கம். அந்த நிக்ரோம் நாடாவுக்கு மேலுறை ஏதும் கிடையாது, இருந்தால் எரிந்துபோகும். கத்தி படும் இடத்தில் 230 வோல்ட். லீவர் மேலே இருந்தால் கரண்ட் இல்லையே என்பீர்கள். நாக்குகள் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் டோஸ்டர்தான் பெரும்பாலும். ஒன்றை மட்டும் துண்டிக்கும் மலிவு டோஸ்டரும் உண்டு. பழைய சால்களிலோ, ஆள் மாறி ஆள் இழுத்த வயரிங்கிலோ, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டும் ஒரே வீட்டில் கூடினால், ஆஃப் ஆன டோஸ்டரின் கம்பியிலும் உயிர் இருக்கும். ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆறட்டும். பிறகு மரக் கரண்டியால் மெல்லத் தள்ளுங்கள்.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் எனக்குச் சொல்ல வெட்கமான கதை ஒன்று உண்டு. 1990களின் தொடக்கம். நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு துளைச் சாக்கெட்தான் இருந்தது. மூன்று பின் பிளக் பொருந்தவில்லை. சாக்கெட்டை மாற்ற வேண்டியவன், பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டினேன். பச்சைக் கம்பியைச் சுருட்டி டேப் ஒட்டி உள்ளே தள்ளினேன். டிப்ளமா படித்தவன், நாள் முழுக்க மின் சாதனங்களோடு வேலை பார்த்தவன் செய்த காரியம் அது. பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் என் மனைவி ஈரக் கையால் குழாயை மூடிக்கொண்டே மற்றொரு கையால் டோஸ்டரை நகர்த்தினாள். கத்தக்கூட முடியாமல் தூக்கி எறியப்பட்டு விழுந்தாள். கை பிடித்துக்கொள்ளாமல் உதறியது எங்கள் நல்ல காலம்.

அன்று இரவு பிரித்துப் பார்த்தேன். மைக்காவின் ஓரம் ஒடிந்து, நாடாவின் ஒரு சுற்று நழுவி உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் கம்பி அதன் இடத்தில் இருந்திருந்தால், நாடா சட்டத்தைத் தொட்ட அந்தக் கணமே கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் எரிந்திருக்கும். டோஸ்டர் வேலை செய்யவில்லையே என்று காலையில் சலித்துக்கொண்டிருப்போம். நான் வழியை அடைத்துவிட்டதால், வேறு வழி கிடைக்கும்வரை கரண்ட் காத்திருந்தது. அதற்கு அகப்பட்ட வழி அவள். அந்த டோஸ்டரைத்தான் பிறகு புது மைக்காவும் மூன்று பின் பிளக்கும் போட்டுப் பரண் ஏறும்வரை வைத்திருந்தேன். இன்று வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. கசிவைக் கண்டதும் ஒரு நொடியின் சிறு பங்கில் துண்டிக்கும். அது இருக்கிறது என்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது.

இனி சில்லறைக் குறைகள். கரண்ட் இருந்தும் லீவர் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ரொட்டித் துகள். மின்காந்தத்துக்குத் தூரத்திலிருந்து இழுக்கும் பலம் கிடையாது. ஒட்டிய பிறகு பிடித்துவைக்கும் பலம்தான். அதனால்தான் நாம் கையால் அடிவரை அழுத்த வேண்டியிருக்கிறது. தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு துகள் உட்கார்ந்தால்கூட அந்த மயிரிழை இடைவெளியில் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், ஸ்பிரிங் ஜெயித்துவிடும். தாராவியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னிடம் சொல்வார்: "அண்ணாச்சி, டோஸ்டர் ரிப்பேருன்னு கொண்டு வாராகள்லா, முக்காவாசிக்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். அடித்தட்டை உருவி, கவுத்துத் தட்டுனாப் போதும். ஆனா நான் ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கன்னு சொல்லிருவேன்." தட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

துகளும் இல்லை, ஆனாலும் நிற்கவில்லை என்றால் நிக்ரோம் நாடா எங்கோ அறுந்திருக்கலாம். பல டோஸ்டர்களில் காந்தத்துக்கும் எலெக்ட்ரானிக் தட்டுக்கும் வேண்டிய சில வோல்ட்டுகளை, நாடாவின் நடுவே ஓர் இடத்திலிருந்து, வாய்க்காலில் மடை வெட்டுவதுபோல எடுத்துக்கொள்கிறார்கள். வாய்க்காலே அறுந்தால் மடையில் தண்ணீர் ஏது?

இரண்டாவது தடவை போட்ட ரொட்டி ஏன் அதிகம் கருகுகிறது என்று பலர் கேட்பார்கள். கப்பாசிட்டருக்குக் கண் கிடையாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும். முதல் தடவை பெட்டி சில்லென்று இருந்தது. இரண்டாவது தடவை ஏற்கெனவே சூடாக இருக்கிறது. அதே நேரம், அதிகச் சூடு. குமிழை அரைப் புள்ளி குறையுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் இதே குருட்டுத்தனம்தான். என் தம்பி ஊருக்கு ஒரு டோஸ்டரை வாங்கிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் போன்: "அண்ணே, ரொட்டி வெள்ளையாவே வருது." சாயங்காலம் அங்கே வோல்டேஜ் 180. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்கு 180 என்றால் 750 வாட் 460 வாட்டாகிவிடும். நேரம் மட்டும் மாறாது. இந்த ஒரு விஷயத்தில் பழைய ஈருலோகப் பட்டை கெட்டிக்காரன். சூடு மெதுவாக ஏறினால் அதுவும் மெதுவாகவே வளையும். 1949இல் சன்பீம் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், ரொட்டியின் மேல்பரப்பிலிருந்து வரும் சூட்டையே உணரும்படி பட்டையை வைத்தது. ரொட்டியை இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் கம்பி சூட்டில் நீள்வதையும் சுருங்குவதையும் பயன்படுத்திக்கொண்டது. லீவரே கிடையாது. அழகான வேலை. விலை தாங்கவில்லை போலும். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை.

அன்று காலை எம்.சி.பி. ஏன் விழுந்தது என்று மருமகள் அப்புறம் கேட்டாள். எழுதிக் கூட்டிக் காட்டினேன். கெட்டில் 1500 வாட், மகன் சட்டைக்கு இஸ்திரி 1000, மிக்ஸி 750, டோஸ்டர் 750, மொத்தம் 4000. ஏறக்குறைய 17 ஆம்பியர். எம்.சி.பி.யோ 10 ஆம்பியர். இப்படி அளவுக்கு மீறிய கரண்ட் சிறிது நேரம் தொடர்ந்து பாய்ந்தால் அதை விழவைப்பது அதற்குள் இருக்கும் ஓர் ஈருலோகப் பட்டை. டோஸ்டரிலிருந்து வெளியே போன பட்டை சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் அணைத்துவிட்டு, பட்டை ஆற ஒரு நிமிஷம் கொடுத்து, எம்.சி.பி.யை மேலே தள்ளினேன். லீவரை அழுத்தினேன். நின்றது.